காணும்

பொனட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தியதும்
இவர் இல்லாமல் போனார்.
கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைத் தகரம்,
அடியில் ஒரு நீக்கல்,
அதற்குள் இரண்டு கைகள் மட்டும்.

நான் டிரைவர் சீற்றில்.
ஏசியை முழுக்கத் திருப்பு.
மெல்ல மிதி. ஆயிரத்தைஞ்சூறில் பிடி,
கூட்டாதே, குறைக்காதே.
ஓம் என்றேன், தகரத்துக்கு.

காலையிலிருந்து
எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

ஒரு காஸ் டின்னின் விலை
சின்னவளின் ரியூசன் காசு, இரண்டு மாதத்துக்கு.
கராஜில் விட்டால் அதைப்போல மூன்று மடங்கு,
நானே அடிப்பன் என்றார்.
உங்களுக்குத் தெரியுமோ என்றேன்.
அந்த ஓகாரத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

வெளியே ஆடி மாதக் கச்சான்
டொக்யார்ட் வீதிப் புழுதியை அள்ளி
காய்ந்த உடுப்புகளுக்கு மேலே கொட்டுகிறது.
இந்த வெக்கையில்
ஏசி இல்லாத காரைக் கட்டுநாயக்கவுக்கு
ஆர் ஹயர் பிடிப்பினம்?
அவர் சொன்னதும் சரிதான்.
சரி என்பதை நான் சொல்லவில்லை.

மீற்றர் நிஸ்தாருடையது, இரவல்.
சின்ன வாயில் பூட்டு, பெரிய வாயில் பூட்டினால்
டின் கையிலேயே வெடிக்கும் என்று
மூன்று தரம் சொல்லித்தான் தந்தானாம்.

டக்.
கொம்பிரசர் பிடித்தது.
டக்.
விட்டது.
வெறும் வயிற்று விக்கல்.

"குளிருதோ?"
முகத்துக்கு நேரே இருந்த ஓட்டையால்
அடுப்படிக் காற்று.
"இல்லை."

டின் விறைத்துப் பனி பூத்துவிட்டது,
காஸ் இறங்க மாட்டேனென்கிறது.
சின்னவள் சுடுதண்ணீர்ச் சட்டியோடு ஓடினாள்,
கன்னியாவுக்கே கொண்டுபோய் அமுக்கலாம் அப்பா என்றாள்.
நீக்கலுக்குள் கைகள் சிரித்தன.
எனக்கும் வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.

"குளிருதோ?"

வந்தது, இப்போது.
முதலில் கழுத்துப் பள்ளத்தில்,
வியர்வை தேங்கிய இடத்தில்,
ஆரோ பக்கத்தில் வந்து ஊதினமாதிரி.

"இல்லை" என்றேன்.

ஏனென்று கேட்காதீர்கள்.
ரியூசன் காசு இன்னும் தொண்டையில் நின்றது.

கைகள் டின்னைக் குலுக்கின, திருகின.
"இப்ப?"
"இல்லை."
புறங்கையில் மயிர் எழும்பி நின்றது.
காய்ச்சல் பார்க்கிற தெர்மோமீட்டரை
ஓட்டைக்குள் செருகிப் பார்த்தேன்.
"லோ" என்றது.
மனிச உடம்புக்குக் கீழே அதற்குக் கணக்குத் தெரியாது.

அப்போது எஞ்சினின் குரல் மாறியது.
மூட்டை ஏற்றியவன் மூச்சை அடக்குவதுபோல
தாழ்ந்து, இறுகி.
"ஊசி பச்சையைத் தாண்டுதப்பா," சின்னவள்.
அதற்கு இவர் சொன்னது
தகரத்தைத் தாண்டி எனக்கும் கேட்டது:
"அம்மா இன்னும் குளிரேல்லை எண்டுறாவே."

மீற்றரை விட்டுவிட்டு
என் வாயை நம்பிக்கொண்டிருந்தார்.

"காணும்!" கத்தினேன்.
"காணும், காணும், குளிருது,
நல்லாக் குளிருது, பூட்டுங்கோ!"

பொனட் விழுந்தது.
முகம் திரும்பி வந்தது, மூக்கில் கிறீஸ்.
மற்றக் கதவால் ஏறி இருந்தார்.
விரல்களை ஓட்டைக்கு முன் விரித்தார்.
தெர்மோமீட்டரைப் பார்த்தார்,
என் புறங்கையைப் பார்த்தார்.
"எப்ப துவங்கினது?"

காற்றாடியின் இரைச்சலில்
கேட்காத மாதிரி இருந்தேன்.

காரின் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டி
சீமெந்தில் ஒரு கோடாய் ஓடிற்று.
பஸ்ராண்டுப் பக்கம் திரிகிற மான்களில் ஒன்று
திறந்திருந்த கேற்றால் வந்து
அதை நக்கிப் பார்த்தது,
உப்பில்லை என்று கண்டு திரும்பவும் நக்கியது.
சின்னவள் அசையாமல் நின்றாள், சட்டி கையில்.

எங்கேயோ ஒரு ஒழுக்கு இருக்கு என்றார்,
பத்து நாள் தாங்கும், அதுக்குப் பிறகு பாப்பம்.

எஞ்சினை நிறுத்தவில்லை.
பெற்றோல் விற்கிற விலையை
இரண்டு பேருமே சொல்லவில்லை.